‘ஒப்பாரங்கோ’ என்று முதலில் போட்டவள்

போன திங்கட்கிழமை காலை உன்னிடமிருந்து வாட்ஸப் வந்தது. ராஜபாளையம் மில் ஆபீஸில் பேண்டேஜ் துணி லோடு அனுப்பும் அவசரத்தில் இருந்தேன். திரையில் உன் படம். அதே மாம்பழக் கலர் புடவை, பாதி முகத்தை விழுங்கிய கூலிங் கிளாஸ். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. காப்பி மேஜையெல்லாம் கொட்டியது. “என்னக்கா, பேயக் கண்ட மாதிரி முழிக்கிய?” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. “வாயுத் தொல்லை” என்றேன். பொய் எனக்கு எப்போதும் சட்டென்று வரும், உனக்குத் தெரியாததா?

நம் ‘மூணு விசில்’ குரூப்பில், உன் பெயரில், ஒரே ஒரு வரி: “ஒப்பாரங்கோ என்றால் என்ன அர்த்தம்?”

உன் வீட்டுக்காரர். உன் சமையல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அதிரசப் பக்குவத்துக்குக் கீழே, போன் பூட்டைத் திறக்கும் கோலத்தை வரைந்து வைத்திருந்தாயாமே. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இத்தனை மாதம். குரூப்பில் எல்லோரும் படித்தார்கள். ஒருத்திகூடப் பதில் போடவில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பெண்கள் நாற்பத்துச் சொச்சம் பேர் சேர்ந்து, குழம்பு, கொழுந்தியா, குறுக்குவலி என்று பேசிய குரூப் அது. அதற்கென்று ஒரு பாஷையே உண்டாக்கினாயே! பக்கத்து வீட்டு ரகசியம் கிடைத்தால் “கீச்சலோ!” சொன்ன வேலையைச் செய்யாத புருஷன் ‘டப்ளாசு’. எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பதில் போடாமல் அமுங்கிக் கிடப்பவள் ‘முங்குனி’. எதற்கும் முதல் ஆளாய்க் குதிக்கும் எனக்கு, கேலியாக அந்தப் பேரையே வைத்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நாம் முதன்முதலாக நேரில் பார்த்த அன்று, அந்தக் கோடியிலிருந்து “ஏட்டி முங்குனீ!” என்று கத்தினாய். மதுரை பஸ் கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். நான் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒப்பாரங்கோ உன் சட்டம். யாராவது மேலுக்கு முடியவில்லை என்று எழுதினால், அத்தனை பேரும் “ஒப்பாரங்கோ!” என்று போட வேண்டும், ஆடுகிற பொம்மையோடு. “வலியப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தா, அது சம்மணம் போட்டு உக்காந்து காப்பி கேக்கும்ட்டி” என்பாய். மூட்டுவலிக்காரிகள் முதலில் முறைத்தார்கள். பிறகு அவர்களே அந்தக் கேலிக்காக வலியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். என் பல்வலிக்கு முப்பத்தெட்டு ஒப்பாரங்கோ கிடைத்தது. பல்லைப் பிடுங்கிய வாயோடு சிரித்தேன்.

நீ போன அன்று காலை பதினொரு மணிக்கு எழுதினாய்: “இடது தோள் கடுக்குதுட்டி. சும்மா உக்காந்திருக்கேன், வேர்த்து ஊத்துது.”

நான்தான் முதலில் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்னாலேயே மற்றவர்கள், ஆடும் பொம்மைகள், ஒரு கழுதைகூட ஆடியது. கடைசியில் நீயே “ஒப்பாரங்கோ!” என்று போட்டாய். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். நான் சிரித்துவிட்டு லோடு பார்க்கப் போனேன்.

உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில் உன் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்: “ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளா, தங்கச்சி?” நாற்பது பேர் இருந்த இடம். “இல்லண்ணே” என்றேன். வாயுத் தொல்லை என்பதைப் போலவே சுலபமாக வந்தது.

ஏழு மாதம் அந்த “இல்லண்ணே”யோடு சாப்பிட்டேன், தூங்கினேன், ஜோக் எழுதினேன். திங்கட்கிழமை அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். விளையாட்டுச் சொல்லுண்ணே, அர்த்தமே கிடையாதுண்ணே. அத்தனையும் உண்மைபோல இருந்தது.

உன் வீட்டுக்காரர் தன் பைப் கடையில் தனியாக இருந்தார். இளைத்துப்போயிருந்தார். சட்டையில் ஒரு பட்டன் மாற்றிப் போட்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, உன் போனை என் முன்னால் நீட்டினார்.

“அம்புட்டு பேரும் இதத்தான் போட்டிருக்காவ. ஏதும் சாமி மந்திரமாம்மா?”

“இல்லண்ணே. கேலி. யாராவது முடியலன்னா கேலி பண்ணணும். அவ வெச்ச சட்டம்.”

அவர் விரலால் தடவித் தடவி மேலே போனார். “இந்த முங்குனி யாரு? இந்தப் பிள்ளதான் மொதல்ல போட்டிருக்கு.”

எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. என் பெயரே அந்தப் போனில் இல்லை. நீ முங்குனி என்றுதான் பதிந்து வைத்திருந்தாய். சேத்தூர்க்காரி ஒருத்தி என்றால் முடிந்தது.

“நான்தாண்ணே.”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“பதினொண்ணு இருவதுக்கு எனக்குப் போன் அடிச்சா” என்றார். “கடையில ஆளு நின்னுச்சு. என்னன்னு கேக்கல. ‘பொறவு பேசுதேன்’னு வெச்சுட்டேன். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறேன், அடுப்படியில கெடக்கா.”

ஒன்றும் இல்லண்ணே, உங்கமேல தப்பில்லண்ணே என்று நான் சொல்லவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த ஒரு மரியாதையை இருவரும் காப்பாற்றினோம். டீ வந்தது, ஆறியது. கிளம்பும்போது, “இந்தக் குரூப்ப அழிச்சிரணுமா?” என்று கேட்டார். “உங்க இஷ்டம்ண்ணே” என்றேன்.

நேற்று கிருஷ்ணன்கோவில்காரி ஒருத்தி, பழக்கம் விடாமல், “தல சுத்துது, கண்ணு இருட்டுது” என்று எழுதிவிட்டாள். உன் சொல்லைப் போடவும் முடியாது. வேறு என்ன போடுவது என்று எங்களுக்குப் பழக்கமும் இல்லை. நானே முங்குனியாகக் கிடந்தேன்.

முதல் பதில் உன் படத்தோடு வந்தது. “வீட்ல யாரு இருக்கா தாயி? கதவத் தெறந்து வெச்சிட்டு உக்காரு. விலாசம் போடு.”

அப்புறம் அவளுக்கு முப்பது போன். கடைசியில் அவளே எரிந்து விழுந்தாள்: “வெறும் வயித்துல வெயில்ல போயிட்டு வந்தேன், ஆள விடுங்கட்டி!”

என் போனில் இன்னும் ‘ஒ’ என்று தட்டினால் உன் சொல்தான் முதலில் வந்து நிற்கிறது. அழுத்திப் பிடித்தால், நீக்கவா என்று கேட்கிறது. வேண்டாம் என்கிறேன். யாராவது முடியவில்லை என்று எழுதினால், அதைத் தாண்டி, ஒவ்வொரு எழுத்தாக, “ஒரு நிமிசம் இரு, வாரேன்” என்று முழுவதுமாக அடிக்கிறேன்.