ஆய்வுக்கு வைத்திருந்த காற்று

ஏப்ரல் 8

காலை அணிவகுப்பு. நான் கொடுத்த கட்டளை முன்வரிசைக்குக் கேட்டது. பின்வரிசை, முன்வரிசையைப் பார்த்துத்தான் நேராக நின்றது. "மேடம் அவுக சட்டைக் காலர்ட்டதான் பேசுதாவ" என்று வீரர் இசக்கிதுரை முணுமுணுத்தது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பொங்கலுக்குப் பிறகு தீயணைப்பு நிலைய அலுவலராக இங்கே வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், இந்த நிலையத்துக்கு முதல் பெண் அதிகாரி. இரண்டுக்கும் ஒரே அறிகுறிதான் — எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்பது.

பிறகு பி.ஏ. செட் பயிற்சி. புகையிலும் கெட்ட காற்றிலும் போகும்போது மாட்டும் கருவி: முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் முகமூடி, இரண்டையும் சேர்க்கும் குழாய். இங்கே அந்தக் குழாயை மட்டும் முகமூடியில் செருகுவதில்லை. அது மார்பில் தொங்கும். முகமூடியின் துளை வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள்.

"செருகியே ஓடலாமே?" என்று முன்னணி வீரர் கருத்தையா அண்ணனிடம் கேட்டேன்.

"காத்து தீந்துரும்லா மேடம். ரொப்பணும்னா வெளியூருக்கு அனுப்பணும், என்னைக்குத் திரும்பி வருமோ. ஆய்வுக்கு மாவட்ட ஐயா வரும்போது சிலிண்டர் மீட்டர்ல முள்ளு முழுசுல நிக்கணும்லா."

"சரி" என்றேன்.

ஏன் சரி என்றேன்?

ஏப்ரல் 9

நாளைக்குக் கட்டாயம் குழாயைச் செருகச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 10

சொல்லவில்லை.

ஏப்ரல் 15

தீத்தொண்டு வாரம். பெண்கள் பள்ளி ஒன்றில் செயல்விளக்கம். இசக்கிதுரை முகமூடியை மாட்டிக்கொண்டு, தொங்கிய குழாயைத் தும்பிக்கைபோல் ஆட்டினார். ஒரு டீச்சரின் தலையில் வைத்து ஆசீர்வாதமும் செய்தார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவரை எல்லோருக்கும் பிடிக்கும். நாங்குநேரிப் பக்கம் கிணற்றில் மாடு விழுந்தால் நிலையத்துக்குப் போன் செய்து, "துரை இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போன வாரம்கூடக் கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவந்தார். வெறும் உடம்பு, இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான். ஊரே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அடுத்த தடவை செட் மாட்டுங்க" என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 27

விடுப்பு. மேலப்பாளையம். உம்மா பீடி சுற்றிக்கொண்டே, பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில் எனக்கு "ஆபீஸ் வேலை" என்று சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னாள்.

"ஏன் உம்மா, தீயணைப்புன்னு சொன்னா என்ன?"

"அவுக பயந்துருவாவடி, ஷம்சு. நானே இன்னும் தெளியல."

மே 6

கை வலிக்கிறது. இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

மதியம் அழைப்பு வந்தது. நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு தோட்டக் கிணறு. கோடையில் தண்ணீர் கீழே போனதும் டீசல் எஞ்சினையும் கூடவே கீழே இறக்கிவிடுகிறார்கள் — மேலிருந்து இழுத்தால் தண்ணீர் ஏறாது என்று. நடுப்படியில் எஞ்சின் ஓடியிருக்கிறது. அதன் புகை மேலே வர வழியில்லை. டீசல் தீர்ந்து நின்றதும், மறுபடி ஊற்ற இறங்கிய தோட்டத்துக்காரர் அம்பலவாணன் அங்கேயே சாய்ந்துவிட்டார். வயது நாற்பது இருக்கும். மேலிருந்து அவருடைய நீலச் சட்டை தெரிந்தது.

இசக்கிதுரை வழக்கம்போலச் சட்டையைக் கழற்றினார். இங்கே வந்த பிறகு முதல்முறையாக அவரை மறித்தேன். "செட் மாட்டாம இறங்கக் கூடாது."

"அதுக்குள்ள அவன் போயிருவான் மேடம்!"

"மாட்டுங்க."

மாட்டினார். அவ்வளவு சீக்கிரமாக யாரும் மாட்டி நான் பார்த்ததில்லை. அம்பலவாணனின் மனைவி கலைச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எறங்கச் சொல்லுங்கம்மா, எறங்கச் சொல்லுங்க" என்று கதறிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். துரையைப் பார்க்கவில்லை.

திரும்பியபோது அவர் தலை விளிம்புக்குக் கீழே போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். மார்பில் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சியில் தொங்குவதுபோல.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கிணற்றைச் சுற்றி ஊரே கத்திக்கொண்டிருந்தது, அதில் என் குரல் எங்கே? கருத்தையா அண்ணனின் கயிற்றில் உதவிக்கு என்று ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் கைவைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பாய்ந்து கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தேன், அவர்கள் கீழே விட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கருத்தையா அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இழுங்கலே! விடாதியலே, இழுங்க!" என்று அவர் போட்ட சத்தத்துக்குத்தான் எல்லோரும் இழுத்தார்கள்.

துரை நினைவில்லாமல் வந்தார். மூச்சு இருந்தது.

அதற்குப் பிறகு கருத்தையா அண்ணனே இரண்டாவது செட்டை மாட்டினார். குழாயை நான் செருகினேன். தோல் உரிந்த கையில் இரண்டு தடவை வழுக்கியது. அவர் அம்பலவாணனை மேலே கொண்டுவந்தார்.

உயிர் இல்லை.

மே 7

டாக்டரிடம் கேட்டேன்: முதல் தடவையே அம்பலவாணனைத் தூக்கியிருந்தால்?

"சொல்ல முடியாதும்மா" என்றார்.

மே 9

துரைக்குப் பேச முடிகிறது என்றதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு மேடம் இழுத்திய? இன்னும் ரெண்டு முழம். அவன் சட்டை கைக்கு எட்டுது. எதுக்கு இழுத்திய?"

"குழாய் செருகல, துரை."

"செட்டு மாட்டிருந்தேன்லா?"

"மாட்டியிருந்தீங்க. குழாய் தொங்குச்சு."

அவர் கை மெல்ல மார்புக்குப் போனது. குழாய் தொங்கும் இடத்தைத் தடவியது. பிறகு, "கை பழகுன மாதிரியே செஞ்சிட்டு" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பழக்கியது யார்? எனக்கு முன்னால் இருந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏப்ரல் எட்டாம் தேதி "சரி" என்று சொன்னது யார்?

மே 12

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். கருத்தையா அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பொம்பள அதிகாரி பயந்துபோயி, எறங்குனவனயும் மேல இழுத்துட்டான்னு பேசுதானுவ. விடுங்க மேடம். துரைக்கும் கெட்ட பேரு வராது. அறிக்கையில கருவிக் கோளாறுன்னு போட்டுருவோம்."

அவர் கெட்டவர் இல்லை. இந்த வயதில் அந்தக் கிணற்றில் இறங்கியவர். எல்லோரையும் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

நான் எழுதினேன்: குழாய் செருகப்படவில்லை. பயிற்சியில் செருகும் வழக்கம் இல்லை. அதைத் தெரிந்தே அனுமதித்தேன்.

எழுதுவதற்குக் குரல் வேண்டாம். எனக்கு அது எப்போதும் சுலபம்.

மே 19

அவசர அழைப்புக்கு என்று இரண்டு சிலிண்டரை நிறைவாக வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் மைதானத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். குழாயைச் செருகி, காற்றைத் திறந்து, மாட்டி ஓட வேண்டும்.

"ஆய்வு வருது மேடம்…"

"வரட்டும்."

முதல் மூச்சிலேயே ஒருவர் மிரண்டு முகமூடியைப் பிய்த்தெறிந்தார். இன்னொருவர் வால்வைத் திறக்காமலே செருகிக்கொண்டு முழி பிதுங்கினார். பணியில் இத்தனை வருடம் இருப்பவர்களில் பலருக்கு, அந்தக் கருவிக்குள்ளிருந்து வரும் காற்று எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கருத்தையா அண்ணன் ஓரமாக நின்று முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதுபோல. கடைசியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணு குடுங்கலே" என்றார்.

மே 22

நான்கு சிலிண்டர்கள் நிரப்பப் போயிருக்கின்றன. என்றைக்கு வருமோ.

ஜூன் 3

ஆய்வு. சிலிண்டர்கள் வந்து சேரவில்லை, இருந்தவற்றில் பாதி காலி. மாவட்ட அதிகாரி முள்ளைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பயிற்சிக்குச் செலவானது, ஐயா."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். கிணற்றுச் சம்பவத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ, காலி சிலிண்டருக்கு இன்னொன்று. போகும்போது வண்டியில் ஏறப்போனவர் திரும்பி, "நிரப்ப இவ்வளவு நாளாகுமா?" என்று கருத்தையா அண்ணனிடம் கேட்டார். "எப்பவுமே இப்படித்தான்யா" என்றார் அவர். இத்தனை வருடத்தில் யாரும் அதைச் சொன்னதில்லைபோல.

ஜூன் 11

துரை பணிக்கு வந்துவிட்டார். பேச்சு குறைந்திருக்கிறது. தும்பிக்கை வேடிக்கை எல்லாம் இல்லை.

இரவில் தூக்கம் வரவில்லை. நீலச் சட்டை.

ஜூன் 18

கலைச்செல்வியிடமிருந்து கோரிக்கை. அந்த எஞ்சின் இன்னும் கிணற்றுக்குள்ளேயே கிடக்கிறது, இறங்க யாருக்கும் தைரியமில்லை, எடுத்துக் கொடுக்க முடியுமா என்று. நம்முடைய வேலை இல்லைதான். "போவோம் மேடம்" என்றார் துரை. தானே இறங்குவதாகவும் சொன்னார்.

காலையிலேயே போனோம். ஊர்க்காரர்களைக் கயிற்றிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே தள்ளி நின்றார்கள். கயிற்றில் எங்கள் ஆட்கள் மட்டும்.

துரை செட்டை மாட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போகாமல் என்னிடம் வந்தார். வந்து மோவாயை உயர்த்தி நின்றார். நான் குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வால்வைப் பார்த்தேன். முகமூடிக்குப் பக்கத்தில் காதை வைத்து அவர் மூச்சைக் கேட்டேன்.

கலைச்செல்வி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அன்றைக்குப் பிறகு அந்த அம்மாவை நான் நேராகப் பார்க்கவில்லை.

"அது என்னது, இழுத்து இழுத்துப் பாக்கிய?"

"காத்துக் குழாய். சரியா மாட்டியிருக்கான்னு பாக்கணும்."

"அன்னைக்கும் பாத்தியளா?"

முகமூடிக்குள்ளிருந்து துரையின் கண்கள் என்னைப் பார்த்தன. கருத்தையா அண்ணன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லியிருக்கும் பதில் எனக்குத் தெரியும் — கருவிக் கோளாறு. அதைச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"இல்ல" என்றேன். "பாக்கல. நான் பாத்திருக்கணும்."

கிணற்றுக்குள் போய்விட்டு என் குரல் எனக்கே திரும்பிவந்தது. முணுமுணுப்பு நின்றுவிட்டது.

கலைச்செல்வி என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்று விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தார். துரை காலைத் தூக்கிவைத்தபோது, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பைய எறக்கச் சொல்லுங்க. நடுப்படியில பாசி. வழுக்கும்."

கயிற்றுப் பக்கம் திரும்பி நின்று சொன்னேன். கயிற்றின் கடைசியில் நின்றவர் தலையசைத்தார்.