நான்காம் கேள்விக்கு என் விடை

மார்ச் 4, செவ்வாய்
எட்டாம் வகுப்புப் பயிற்சி நூலுக்கு இன்னும் ஒரு பத்தி வேண்டுமாம். பதிப்பகத்து எடிட்டர் போன் செய்தாள். “ராஜா மந்திரி எல்லாம் போதும் மேடம். வீட்டுல நடக்குற மாதிரி ஏதாவது குடுங்க.” ‘நேரேட்டர்’ என்றாள், ‘கதைசொல்லி’ என்று திருத்தினேன். சிரித்தாள். மூன்று நாளில் என் காதில் விழுந்த முதல் மனிதக் குரல். சட்டென்று வைத்துவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்
எழுதிவிட்டேன். அக்காவின் கணவர் இறந்துபோகிறார். ஒரே தங்கை மூன்றாம் நாள்தான் வருகிறாள், பெரிய பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு. அக்கா நிமிர்ந்து பார்க்கிறாள்; உட்காரச் சொல்லவில்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டுத் தங்கை போய்விடுகிறாள்.

யாருக்கோ நடந்தது என்று எடிட்டரிடம் சொல்லிவைத்தேன். பதினொரு மாதமாக என் தங்கையிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. நான் ஏன் பேச வேண்டும்?

நான்காம் கேள்வி: தங்கை ஏன் திரும்பிப் போனாள்? விடை: குற்ற உணர்ச்சியால்.

மார்ச் 9, ஞாயிறு
அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்கு வந்த ஆள்.

மார்ச் 14, வெள்ளி
அச்சுக்குப் போகுமுன் ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். முப்பத்தெட்டு விடைத்தாள்கள் வந்தன. நான்காம் கேள்விக்கு முப்பத்தாறு பேர் ஒரே விடை: ‘அக்கா உட்காரச் சொல்லாததால்.’ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று வரிசையாகச் சிவப்பு மையில் தவறு போட்டேன். எடிட்டரிடமும் சொன்னேன்.

“விடை பத்திக்குள்ள இருக்கணும்னு முன்னுரையில நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க. குற்ற உணர்ச்சி எந்த வரியில இருக்கு?”

இரண்டு முறை படித்தேன். எந்த வரியிலும் இல்லை. பத்திக்கு வெளியே போய் விடை தேடுகிறவளைப் கான்வென்ட் பள்ளியில் எங்கள் தலைமையாசிரியை மதர் பெஞ்சு மேல் நிற்க வைப்பார். நான் ஒரு நாளும் நின்றதில்லை.

மார்ச் 15, சனி
ஐந்தாம் கேள்வி, நோக்குநிலை பற்றியது. ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: ‘அக்காவின் நோக்குநிலையில் சொல்லப்படுகிறது. அதனால் பையில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. பெரிய பை என்பதால் தங்கை தங்குவதற்கு வந்திருக்கலாம்.’

அந்தப் பையை எழுதியவள் நான். கண்ணில் பட்டது, எழுதினேன். கண்ணுல பட்டுச்சே — அப்ப ஏன் உறைக்கல எனக்கு? நின்னாளே, அத்தனை நேரம் நின்னாளே…

மார்ச் 17, திங்கள்
காலை பத்து மணிக்குத் தங்கைக்குப் போன் செய்தேன்.

“யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னா?” குரல் தெரியாதவள் மாதிரி. கொழுப்பு.

“அன்னைக்கு எத்தனை நாள் தங்கறதா வந்த?”

“ஒரு மாசம்க்கா. அந்த லீவை எழுதி வாங்கத்தான் மூணு நாளாச்சு. நீ தனியா இருப்பியேன்னு.”

மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. “இப்ப லீவு குடுப்பாங்களா?” என்றேன்.

“கேட்டுப் பாக்கறேன்.” மூக்கை உறிஞ்சினாள். “இந்தத் தடவையாவது உக்காரச் சொல்லுவியா?”

முப்பத்தாறு தாள்களிலும் சிவப்பை அடித்துவிட்டுச் சரி போட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 22, சனி
பகல் இரண்டு மணி. உள்ளறையில் குறட்டை. உவமைக்கும் உருவகத்துக்கும் எடுத்துக்காட்டு எழுத உட்கார்ந்து, மூன்று முறை மாற்றி எழுதிவிட்டேன். எழுப்பவில்லை.