மெத்தைக்கு அடியில இருக்குற ஸ்கேன் படம்

அப்பா,

மூணு நாளா அம்மாவைத் திட்டிக்கிட்டே தேடுறீங்களே, அந்த முதுகு ஸ்கேன் படம், அது உங்க மெத்தைக்கு அடியிலதான் இருக்கு. ஒளிச்சு வெச்சது நான். "ஏம்மா, மெத்தை சரசரங்குது"ன்னு நீங்க கேட்டப்ப சிரிப்பை அடக்குறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

மாத்திரை, உடற்பயிற்சிக்கு வலி அடங்கலன்னா முதுகெலும்பு மூட்டுல ஊசி, அதுக்கும் அடங்கலன்னா நரம்பைச் சுடுறதுன்னு டாக்டர் சொன்னாரே, அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. நரம்பைச் சுட்டு நீங்க நடக்க முடியாம படுத்துட்டா நான் யாரைக் கிண்டல் பண்றது? படம் இல்லன்னா ஊசி போட மாட்டாங்கன்னுதான் ஒளிச்சேன்.

நேத்து சாயங்காலம், உங்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தர்ற பிசியோ அக்காகிட்ட கேட்டேன். வலியைக் கொண்டுபோற குட்டி நரம்பை மட்டும்தான் சுடுவாங்களாம். காலுக்குப் போற நரம்பு வேறயாம். அதனால இன்னிக்கு படத்தை எடுத்துட்டுப் போய் ஒழுங்கா ஊசி போட்டுட்டு வாங்க. நான் ஸ்கூலுக்குக் கிளம்பிட்டேன். சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

பி.கு: மெத்தையை நீங்க தூக்காதீங்க. அம்மாவைத் தூக்கச் சொல்லுங்க. முதல்ல மன்னிப்பு கேட்டுட்டு.