ஜீப் நிறைய அரை நாள்

பெட்டி அடுக்குவதற்காகப் பீரோவைக் குடைந்தபோது அந்த லேபிள் தாள் கையில் அகப்பட்டது. விரித்ததும் பசை வாடை. இத்தனை வருஷம் கழித்துமா என்று மூக்கருகே கொண்டுபோனேன். அதேதான். ஷூ கம்பெனியில் நம் இருவர் தலைமுடியிலும் குடியிருந்த வாடை. தாளின் முன்பக்கம் 'ஜெனோவா' என்று ஆங்கிலத்தில் அச்சு. கோணலாக விழுந்ததால் கழித்துப் போட்டது. பின்பக்கம் என் கையெழுத்தில் நம் பயணத் திட்டம்.

வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நாம் தைத்த ஷூவெல்லாம் அந்த இத்தாலித் துறைமுகத்துக்குத்தான் போகும். மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருந்து இறங்கி வந்த நான் அதுவரை கடலே பார்த்ததில்லை. வாணியம்பாடிக்காரி நீ ஒரே ஒரு தடவை மெரினாவில் கால் நனைத்துவிட்டு, அதையே ஆறு மாசம் பேசினாய். ஒருநாள் டீ நேரத்தில் ஏற்றுமதிப் பெட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டாய்: "நாம தெச்ச ஷூ ஊரு சுத்தும், நாம மட்டும் இங்கியே குந்திகினு இருக்கணுமா? நாமளும் போலாம்டி."

"எதுல, கப்பல்லயா?"

"இன்னாத்துல வேணா போலாம். மொதல்ல எழுது."

எழுதினோம். எழுத்து என்னுடையது, ஊர்ப்பெயர்கள் உன்னுடையவை. உன் தம்பியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிச் சொன்னாய். ஜெனோவாவில் மூன்று நாள்: பழைய துறைமுகம், கலங்கரை விளக்கம், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத பழங்காலத்துச் சந்துகள். பிறகு கடலை ஒட்டியே ரயில், வழியில் சின்னச் சின்ன ஊர்கள். மலை நேராகக் கடலில் இறங்கும் படம் ஒன்றைக் காட்டினாய். சரிவில் கல்லடுக்கி வரப்புக் கட்டி, திராட்சைக் கொடி வைத்திருந்தார்கள். அந்த மலையை வெட்டிப் படியாக்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மலையில் சாமை விதைக்கிற வீட்டுப் பெண் இல்லையா நான்! உன் கவலை சாப்பாட்டைப் பற்றி. எந்தக் கறியை நம்பித் தின்பது என்று அலட்டிக்கொண்டிருந்தாய். அங்கே கடலை மாவைக் கரைத்து அடை மாதிரி சுடுகிறார்கள் என்று கண்டுபிடித்த அன்று, விசாவே கைக்கு வந்துவிட்ட மாதிரி குதித்தாய்.

அந்தத் திட்டத்தில்தான் என் புகழ்பெற்ற தவறு இருக்கிறது. ஒவ்வொரு கடலோர ஊருக்குப் பக்கத்திலும் 'ஜீப் நிறைய அரை நாள்' என்று எழுதியிருந்தேன். ரயில் நேரத்துக்கு வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரயிலை விட்டு இறங்கி மலைக்கு மேலே போக வேண்டாமா? மலை என்றால் ஷேர் ஜீப். ஷேர் ஜீப் என்றால் கடைசி இடம் நிறையும்வரை டிரைவர் சாவியைத் தொடமாட்டார். எனக்குத் தெரிந்த மலைச் சட்டம் அது ஒன்றுதான். நீ சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரே எட்டிப் பார்த்தார். வெட்கமாகிப் போய் அந்த வரிகளை அடிக்கப் போனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாய்.

"அடிக்காதடி. உங்க ஊரு திருவிழாவுக்கு வந்தப்போ மூணு மணி நேரம் ஜீப்புக்குக் காத்துகினு இருந்தமே, அப்பதான் நான் ஊரையே பாத்தேன். புளி எடை போட்டாங்க, சீத்தாப்பழம் தின்னோம், நாலு பேரு வூட்டுக் கதைய கேட்டோம். வண்டில ஏறினப்புறம் இன்னா பாத்தேன்? முன்னாடி இருந்தவரு முதுகத்தான்."

கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது நீ படுக்கையில் பாதியாகக் கிடந்தாய். நான் தாளைப் பற்றிப் பேசவே இல்லை. நீயேதான் எடுத்தாய். "ஒரு சீட்டு காலியா கீதுன்னு நீ இங்கியே நின்னுடாத. ஏறிப் போய்ட்டு வா." தலையாட்டினேன். நீ கண்ணை மூடிய பிறகு இரண்டு வருஷம் நின்றுதான் போனேன். ரெண்டு பேர் போட்ட திட்டத்தில் ஒருத்தி மட்டும் போவது எனக்குத் துரோகமாகப் பட்டது.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள்தான் இந்த வருஷம் பிடிவாதம் பிடித்தாள். ஆறு நாளில் ஒன்பது ஊர் காட்டுகிற டூரில் சேரலாம் என்றாள். வீட்டில் எங்கோ நம் தாள் இருக்கிறது என்று சொல்லி, ஞாபகத்திலிருந்தே வரி பிசகாமல் ஒப்பித்தேன். அவள் போனில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "எம்மா, ஊரு வரிசைகூட கரெக்டா கீது. ஆன்ட்டி செம ஆளும்மா!" அந்தப் பாராட்டு உனக்கு வர வேண்டியது, நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

விசா அலுவலகத்தில் ஒரு பெண் கேட்டாள், "அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"ஆளு யாரும் இல்லீங்க. ஆனா எங்க கைவேலை இருவது வருஷமா அங்கதான் நடமாடிகினு கீது," என்றேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளட்டும். உன் மெஷினில் தைத்த ஒரு ஜோடிகூடத் தையல் பிரிந்து திரும்பி வந்ததில்லை. இதை அந்த அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன். மகள் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள், அந்த அரை நாளைத் தவிர. "அங்க பஸ்ஸு டைமுக்கு வரும்மா. ஒரு ஆளு இல்லன்னாலும் கெளம்பிடும்," என்கிறாள்.

கிளம்பட்டும். சீட்டு காலி என்று நான் இங்கேயே நின்றுவிடவில்லை, நீ சொன்னபடி ஏறப்போகிறேன். ஆனால் அங்கே, மலையும் கடலும் தொடும் அந்த முதல் ஊரில், நிறுத்தத்தில் எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காருவேன். முதல் பஸ் வரும், போகும். நான் அடுத்ததில் ஏறிக்கொள்கிறேன்.