ஏழு நதிகளும் ஒரு கொல்லையும்

"ஒரு ராணியைக் கொன்னாத்தான் இன்னொரு ராணி பிழைக்கணுமா, ஸார்?"

ஆசிரியர்கள் அறையில், கையில் டீத் தம்ளரோடு நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்று காலை காட்டூர் வீட்டுக் கொல்லையில் பழைய சாக்குத் துணியைச் சுருட்டிப் பற்றவைத்தேன். தேனீப் பெட்டியைத் திறக்கும் முன் கொஞ்சம் புகை காட்ட வேண்டுமே. அந்தக் காரமான புகை மூக்கில் ஏறியதும் உங்கள் கேள்வி அதே குரலில் வந்து நின்றது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. போனவர்மேல் கோபம் தானாகத் தணிந்துவிடும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். எதிர்த்துப் பேச நீங்கள் இல்லை என்பதும் அந்தக் கோபத்தில் சேர்த்தி.

பொருட்காட்சிக்காக நம் பள்ளிக்கு நாலு தேனீப் பெட்டிகள் வந்தன. பொருட்காட்சி முடிந்ததும், பையன்களைக் கொட்டிவிட்டால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் கைவிரித்துவிட்டார். விஞ்ஞானம் நடத்துகிறவன் நான், பூகோளம் நடத்துகிறவர் நீங்கள். ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டோம். காவிரிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது ஒருவர் சொன்னார்: "ரெண்டோட நிறுத்திக்கணும் ஸார். அதுக்கு மேல போனா பொழுதுபோக்கு இல்ல, இன்னொரு உத்தியோகம்." அப்படிச் சொன்னவர் நீங்கள்தான். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

அம்மா மண்டபம் போகும் வழியில் உங்கள் வாடகை வீடு. சின்னக் கொல்லை. ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், ஒரு கொய்யா மரம், துணி காயப்போட ஒரு கொடி. கொய்யா மரத்தடியில் இரண்டு பெட்டிகளையும் வைத்து, பூகோள வாத்தியார் என்பதால் ஒன்றுக்குக் காவிரி, மற்றதற்குக் கொள்ளிடம் என்று பெயர் வைத்தீர்கள். சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து, கால் கழுவி, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு திரும்பி வரும் தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வருஷம் நான் பார்த்த உங்களைப் போலச் சந்தோஷமான மனிதரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

தை பிறந்ததும் சிக்கல் ஆரம்பமானது. உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவன் விளக்காமல் விடமாட்டேன். கூட்டம் பெருத்ததும் தேனீக்கள் புது ராணியை வளர்க்கும். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைபோல ராணி அறைகள் தொங்கும். புது ராணி வெளியே வரும் சமயத்தில் பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பறந்துபோய் ஏதாவது கிளையில் தொங்கும். கொல்லையைச் சின்னதாகவே வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு மூன்று வழி. அந்த நிலக்கடலைகளை முன்னதாகவே கிள்ளிவிடலாம். பிரிந்த கூட்டத்தை மறுபடி ஒன்றாகச் சேர்க்கலாம், ஆனால் ஒரு ராணியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கேட்பவருக்குக் கொடுத்துவிடலாம்.

முதல் இரண்டு வழிகளையும் நான் சொன்னபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். நீங்கள் மண்ணச்சநல்லூர் விவசாயக் குடும்பம், உங்களுக்கு வயலை வைத்துச் சொன்னால் ஏறும் என்று நினைத்தேன். நாலு வயலுக்கான நாற்றை ஒரே வயலில் நட்டால் ஒன்றாவது கதிர் பிடிக்குமா, மிஞ்சிய நாற்றை வரப்பில் போட்டுவிட்டுப் போவதில்லையா என்று கேட்டேன். "நாத்துக்குக் கொட்டத் தெரியாது ஸார். அதான் தைரியமாத் தூக்கிப் போடறீங்க" என்றீர்கள். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே ஆசாரியிடம் மூன்றாவது பெட்டி செய்யச் சொல்லிவிட்டீர்கள்.

மூன்றாவதற்குப் பவானி என்று பெயர். அடுத்து அமராவதி. மறு தையில் நொய்யல், வைகை, தாமிரபரணி. ட்ரில் மாஸ்டர், "பூகோள ஸார் போற வேகத்தைப் பார்த்தா அடுத்த பொங்கலுக்குக் கங்கையைத் தாண்டிடுவாரு" என்று உங்கள் காதுபடவே சொன்னார். நீங்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டீர்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருந்ததே. காட்டூரில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர் ஒரு கூட்டம் கேட்டார். நானே உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நல்ல மனிதர், நல்ல இடம், தென்னம்பாளைக்குக் குறைவில்லை. நீங்கள் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டீர்கள். பெட்டியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பாரா, எறும்பு ஏறினால் என்ன செய்வார், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், அவர் ஊரில் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள். அவர் பாவம், எறும்பெல்லாம் ஏறாதுங்க என்று ஒரு பதில் சொன்னார். அதோடு அவர் தோற்றுப்போனார். திரும்பும் வழியில் அவர் என்னிடம், "பொண்ணு கேக்க வந்தவனை விசாரிக்கிற மாதிரில்ல விசாரிக்கிறாருங்க" என்றார்.

கொல்லவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் மனசு வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசைக்கு எதற்கு அவ்வளவு நல்ல பெயர்?

ஒவ்வொரு பெட்டியாக வர வர, கொல்லையில் செல்லம்மாளுக்கு இடம் குறைந்துகொண்டே போனது. உங்கள் மனைவியைச் சொல்கிறேன். பவானி வந்ததும் வடாம் காயப்போடும் இடம் போனது. அமராவதி வந்ததும் கொடியை நகர்த்திக் கட்டினார். வைகையைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்தீர்கள், சுவர் நிழல் அங்கேதான் விழுகிறது என்று. தேனீக்கள் பறப்பதற்கு முன் துவைத்து முடிக்க வேண்டும் என்று அவர் விடியுமுன் எழ ஆரம்பித்தார். காயும் துணியில் தேனீக்கள் மஞ்சள் புள்ளியாக எச்சம் போடும். வெள்ளை வேட்டியை மறுபடி நனைத்துக் கசக்குவார். போகாத புள்ளிகளோடு நீங்கள் பள்ளிக்கு வந்து, பதக்கம்போலக் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

வேம்பும் புங்கும் பூத்த காலம் முடிந்து ஆடிக்காற்று பிடித்தது. இரண்டு பெட்டி வயிறு நிறைகிற பூவை ஏழு பெட்டிகள் பங்கிட்டன. எல்லாம் இளைத்தன. சின்னக் கூட்டங்கள் அடையில் கையகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போதாவது சேர்த்துவிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றீர்கள். சரி, சர்க்கரைப் பாகு காய்ச்சி, இருட்டும் நேரத்தில், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கிண்ணம் வையுங்கள், வெளியே ஒரு சொட்டுச் சிந்தாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் மதிய உணவு வந்த புதிதில், இந்தப் பையன் பக்கத்தில் அந்தப் பையன் உட்காரக்கூடாது என்று சில பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். நீங்கள் வாசலில் நின்று, "இங்க ஒரே பந்திதான். பிடிக்காதவங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாம்" என்றீர்கள். ஒருவரும் கூட்டிப்போகவில்லை. அந்த விஷயத்தில் உங்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அந்த நியாயத்தைக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்தீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள், நல்ல வெயிலில், கல்யாணத் தாம்பாளம் நிறையப் பாகு ஊற்றி, தேனீக்கள் மூழ்காமலிருக்க வைக்கோல் போட்டு, கொல்லை நடுவில் வைத்தீர்கள். கிண்ணத்தில் அளந்து ஊற்றினால் பாரபட்சம் வந்துவிடுமாம். எல்லாருக்கும் ஒரே பந்தியாம்.

ஒரு வகுப்பில் மிட்டாய் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு வாத்தியார் வெளியே போனால் என்ன நடக்கும்? கடைசி பெஞ்சில் இருக்கும் நோஞ்சான் பையனுக்கு ஒன்றும் கிடைக்காது. அதோடு நிற்காது. டப்பா காலியானதும் அவன் பையில் இருப்பதையும் பிடுங்குவார்கள். தேனீயும் அப்படித்தான். காவிரியும் கொள்ளிடமும் பலசாலிகள். தாம்பாளத்தை நக்கித் தீர்த்துவிட்டு, ருசி ஏறி, இளைத்த பெட்டிகளுக்குள் புகுந்து கொள்ளையடிக்க ஆரம்பித்தன.

நான் வந்தபோது தெருவில், மறுநாள் பண்டிகைக்குக் கடை போட ஆற்றுக்குப் போகிற கூட்டம். உங்கள் வீட்டுக்குள் மட்டும் யாரோ ஓயாமல் இரைவதுபோல ஒரு சத்தம். கொல்லைத் தரை முழுக்கச் செத்த தேனீக்கள், உயிரோடு கட்டிப் புரளும் தேனீக்கள். நீங்கள் ஈரச் சாக்கோடு ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தீர்கள். துவைக்கிற கல்லின்மேல் பாதி கசக்கிய புடவை கிடந்தது. பண்டிகைக்காக அன்று துணி அதிகம், விடியுமுன் முடியவில்லை.

செல்லம்மாள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு அம்மாள் அவர் தலைமுடியிலிருந்து தேனீக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்திலும் நெற்றியிலும் கொடுக்குகள். ஒரு கண் முழுதும் மூடிவிட்டது. மூச்சு இரைத்தது. நான் கொல்லைக் கதவைத் திறந்து உங்களைக் கூப்பிட்டேன். என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

"ஒரு நிமிஷம் ஸார். வைகையைக் காப்பாத்திடலாம்."

உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். நாம் பழகிய காலத்தில் உங்களைத் தொட்டு இழுத்தது அந்த ஒரு தடவைதான். செல்லம்மாள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் உங்களைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "ஏழு பெட்டிக்கும் பேரு வெச்சீங்க. இந்தக் கொல்லையில நானும் ஒரு ஆளு இருக்கேன்னு தோணவே இல்லையா உங்களுக்கு?"

டாக்டர் வந்து ஊசி போட்டார். செல்லம்மாள் பிழைத்துக்கொண்டார். முகம் வடிந்ததும் சமயபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நீங்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு, தனியாகத் திரும்பினீர்கள். கொள்ளை போன பெட்டிகளில் பூச்சி விழுந்து அடையெல்லாம் நூலாம்படையானது. புரட்டாசி பிறப்பதற்குள் காவிரியும் கொள்ளிடமும்கூட எங்கேயோ பறந்துபோய்விட்டன. பெட்டிகளை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டுச் சமயபுரம் போய்ச் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் அவர் வந்தார்.

அடுத்த தையில் என்னிடமிருந்து ஒரு கூட்டம் தருகிறேன் என்றேன். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு, கிள்ளுகிற வேலையை நானே வந்து செய்கிறேன் என்றேன். "வேண்டாம் ஸார், எனக்கு ரெண்டோட நிக்கத் தெரியாது" என்று சைக்கிளில் ஏறிவிட்டீர்கள். ஏதோ பெரிய தியாகம் செய்பவர்போல. கொஞ்சமாக வைத்துக்கொள்வது என்ன அவ்வளவு பெரிய அவமானமா? அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தாலும் கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியாமல் பேப்பரை இரண்டாம் முறை படிக்கும் மனிதராக ஆகிப்போனீர்கள்.

உங்கள் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு நான் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். செல்லம்மாள் துண்டு எடுத்து வந்தார். கொய்யா மரத்தடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு பெட்டி இருந்தப்போ எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு அண்ணே. மத்தியானத்துல தனியா இருப்பேன், அந்தச் சத்தம் துணையா இருக்கும். யாரும் என்னைக் கேக்கல."

கேட்டீர்களா? பிடித்திருந்ததாம். அந்த இரண்டு பெட்டிகள் உங்கள் காலம் முழுக்க அங்கே இருந்திருக்கலாம். நீங்கள் ஒரு பக்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவர் ஒரு பக்கம் துணி மடித்துக்கொண்டு. ராணிக்காக என்னிடம் வாதாடினீர்கள். தோப்புக்காரரைத் துருவித் துருவி விசாரித்தீர்கள். ஆசாரியோடு பெட்டியின் உயரத்தைப் பேசினீர்கள். வீட்டுக்குள் திரும்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் கோபத்தை இறக்கி வைக்க இடம் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை. இதைப் படிப்பவர் யாராவது தேனீ வளர்க்கலாம், கோழி வளர்க்கலாம், பூந்தொட்டியாகவே இருக்கலாம். இன்னொன்று கொண்டுவந்து வைக்கும் முன், அந்த இடத்தில் தினமும் வேலை செய்பவரிடம் போய், "இங்க வைக்கட்டுமா?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை நில்லுங்கள்.