பன்னீர் பாட்டில்

சிவகாசி
26-7-2025

அன்பு மருமகள் நாதியாவுக்கு, உன் மாமா அப்துல் குத்தூஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் அம்மா சுகம். போனில் பேசினால் குறுக்கே ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். இந்த முறை சிரிக்கும் எண்ணமில்லை. அதனால்தான் கடிதம்.

காலேஜ் போட்டியில் உன் வீடியோவுக்கு முதல் பரிசாமே. எங்கள் அச்சகம் முழுக்கப் பார்த்துவிட்டது.

முப்பது வருஷமாக அந்த ஆப்செட் மெஷின் என் கையில். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் ஜெர்மனியிலிருந்து மெஷின் பூட்ட வந்த இன்ஜினியரே என் அச்சைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். (அவன் தொப்பி போட்டிருந்தானா என்று உன் அம்மா கேட்பாள். அவளிடம் விசாரிக்காதே.) தண்ணீர்த் தொட்டியில் பன்னீர் பாட்டிலை நான் கவிழ்த்தால்தான் படம் கண்ணாடி மாதிரி விழும். நாகூர் தர்காப் பன்னீர் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை. அது ஸ்பிரிட் என்று நான் சொன்னது உன் ஒருத்தியிடம்தான். உன் மாமிக்குக்கூடத் தெரியாது.

தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால் அச்சுத் தகட்டில் முத்து முத்தாக நிற்கிறது, ஸ்பிரிட் நடுவில் நுழைந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, தண்ணீர் மெல்லிசாகப் பரவி, படமில்லாத இடத்தில் எண்ணெய் மை ஒட்டாமல் காக்கிறது என்று வீடியோவில் அழகாகத்தான் விளக்கினாய். கடைசியில் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இம்புட்டுத்தான் எங்க மாமாவோட கைராசி" என்று சிரித்தாயே.

மறுநாளே முதலாளி கண்ணுச்சாமி அளவை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். "பாய், இதுக்கா இத்தன வருசம் உம்ம வீட்டுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டேன்?" என்றார். மெஷின் இப்போது என் கீழ் வேலை பார்த்த செல்வக்குமாரிடம். நான் காலண்டர் உச்சியில் தகரப் பட்டை அடிக்கும் பக்கம். "பாய், தகரத்துக்கும் கொஞ்சம் பன்னீர் தெளிங்க" என்கிறாள் கூட வேலை பார்க்கும் பொன்னுத்தங்கம். நான் அடுத்த காலண்டரை எடுத்துக்கொள்கிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். மூன்று நாளாக மெஷினில் கோளாறு. காலையில் தாள் பளிச்சென்று வருகிறது, மதியத்துக்குமேல் வெள்ளையெல்லாம் சாம்பலாகிறது. சுவரில் உள்ள அளவுதான் ஊற்றினேன் என்று செல்வக்குமார் சத்தியம் செய்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. உன் பாஷையில் சொன்னால், ஸ்பிரிட்டுக்குத் தனக்குள் பிடி குறைவு. ஆடிக் காற்றுக்கு ஜன்னல் திறந்திருந்தால் தொட்டியிலிருந்து முதலில் பறப்பது அதுதான். தண்ணீர் பழையபடி முத்தாகி, மை வெள்ளையிலும் ஒட்டிவிடும். நான் மணிக்கொரு தரம் முகர்ந்து பார்த்துச் சேர்ப்பேன். சுவரில் அது இல்லை. உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

முதலாளி என்னைத் தேடி வருவார். வராமல் எங்கே போவார்?

பார், இதையும் உனக்கே எழுதிவிட்டேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல? நீ பெரிய படிப்பெல்லாம் படித்து நன்றாக இருக்க துஆச் செய்கிறேன். ஆடிப் பதினெட்டு வரைக்குமாவது இதை உன்னோடு வைத்துக்கொள் தாயி.

உன் மாமா,
அப்துல் குத்தூஸ்