கருவாட்டுத் தராசில் தேறிய குழந்தை

அனுப்புநர்:
கி. பிரிசில்லா,
க/பெ. கிருபாகரன்,
காரைமேடு,
சதுரங்கப்பட்டினம் அஞ்சல்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: என் மகள் ஜெசிந்தா கருவாட்டுக் கடைத் தராசில் ஒரே நாளில் நலம் பெற்றது – அந்த நலத்தை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் துறை நிகழ்த்திய அற்புதத்துக்கு முதலில் நன்றி. இனி புகாருக்கு வருகிறேன்.

1. என் மகள் மாதம் நிறையாமல், ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையில் செங்கல்பட்டில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஒன்றரை வயது. இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதனால் எங்கள் அங்கன்வாடியில் அவளுக்குச் சத்துமாவு இரண்டு பங்கு கொடுத்துவந்தார்கள்.

2. சென்ற மழைக்காலத்தில் மையத்துத் தராசு துருப்பிடித்து அறுந்தது. பணியாளர் கண்ணகி அக்கா வேறு தராசு கேட்டு எழுதினார். தங்கள் அலுவலகம் அதை இன்றுவரை ஆழ்ந்து பரிசீலித்து வருகிறது. இதற்கிடையில் மேற்பார்வையாளர் வருகிறார் என்றதும், வேறு வழியின்றி அக்கா பக்கத்துக் கருவாட்டுக் கடைத் தராசை இரவல் வாங்கி வந்தார். நெத்திலி வாடையோடு என் மகள் அதில் தொங்கினாள்.

3. அந்தத் தராசின் குணம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முள் கூட்டிக் காட்டும் எடையை நம்பி எவரும் கருவாடு வாங்குவதில்லை. நிறுத்த பிறகு மேலே ஒரு கைப்பிடி கேட்போம், கடைக்காரரும் முகம் சுளிக்காமல் அள்ளிப் போடுவார். அது ஊர் வழக்கம். கருவாட்டுக்கு உள்ள இந்தச் சலுகை குழந்தைகளுக்கு இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

4. மேற்பார்வையாளர் முள்ளைப் பார்த்தார், பூரித்துப்போனார். "பாப்பா நல்லாத் தேறிக்கீது. இன்னாத்துக்கும்மா ரெண்டு பங்கு?" என்றார். கண்ணகி அக்கா, "சார், அது கடைத் தராசு சார்" என்று சொல்லிப் பார்த்தார். "தராசு தராசுதாம்மா" என்று தத்துவம் சொல்லிவிட்டு, ஒரு பங்கை வெட்டிவிட்டுப் புறப்பட்டார்.

5. மறுவாரம் செங்கல்பட்டு மருத்துவமனையில் நிறுத்தபோது, மூன்று மாதமாக அவள் எடை ஏறவே இல்லை என்றார்கள். டாக்டரின் சீட்டோடு மேற்பார்வையாளரிடம் ஓடினேன். ஆஸ்பத்திரித் தராசு நோயாளிக் குழந்தைகளுக்கானது என்றும், என் மகள் இப்போது அந்த வகையில் இல்லை என்றும் விளக்கினார். இவ்வளவு படித்தவரை எங்கள் ஊருக்கு அனுப்பிய தங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

6. ஒரு பங்கு மாவு மாதம் முடியும் முன்பே தீர்ந்துவிடுகிறது. அவள் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அப்போது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது, அம்மா. வீட்டில் யார்மேலும் காட்ட முடியாமல்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே, மையத்துக்கு ஒழுங்கான தராசு ஒன்று தந்து, என் மகளைத் தங்கள் முன்னிலையில் மறுபடி நிறுத்து, வெட்டிய பங்கு மாவை உடனே தர உத்தரவிட வேண்டுகிறேன். பிள்ளை தேறிவிட்டது என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் எந்தத் தாயும் காத்திருப்பாள். என் பிள்ளை தேறவில்லை என்று எழுதித் தாருங்கள் எனப் பெற்றவளே கைகூப்பிக் கேட்கிறேன்.

இடம்: காரைமேடு
நாள்: 12.01.2004

இப்படிக்கு,
கி. பிரிசில்லா